பல் டாக்டர் வீட்டு ஊமைப் படங்கள்

பல் டாக்டரின் மனைவி சொன்ன வாக்கியம் ஒன்று சுவரில் மாட்டியிருந்த படத்துக்கு அடியில் போய் ஒட்டிக்கொண்டது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். அன்று தெருவில் குழாய்த் தண்ணீர் தாமதமாக வந்தது, வெங்காயம் விலை இறங்கியிருந்தது. அவள் மாடியைப் பார்த்து, "மழை வர்ற மாதிரி இருக்கு, துணிய எடுத்துடுங்க" என்று குரல் கொடுத்தாள். டாக்டர் துணிகளை அள்ளிக்கொண்டு இறங்கி வந்தார். கூடத்துப் படம் ஒன்றின் அடியில், நேற்றுவரை வெறுமையாக இருந்த இடத்தில், ஒரு விரல் அகலத்துக்குக் காகிதச் சீட்டு ஒட்டியிருந்தது. பழைய அச்செழுத்தில், ஓரம் கொஞ்சம் பழுப்பேறி, மனைவி சொன்னது சொன்னபடி இருந்தது. படத்தில் வெள்ளம். வீடு முழுகிப்போய், ஒரு கணவனும் மனைவியும் கூரை உச்சியில் கழுத்தளவுத் தண்ணீரில் உட்கார்ந்திருப்பார்கள். மனைவியின் வாய் மட்டும் திறந்திருக்கும். டாக்டர் படித்தார். துணி மூட்டையோடு தரையில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தார். கல்யாணமான நாளிலிருந்து அவர் அப்படிச் சிரித்து மனைவி பார்த்ததில்லை.

டாக்டர் பழைய வார இதழ்களில் வந்த சிரிப்புப் படங்களைச் சேர்ப்பவர். இதழ்களை அல்ல, இதழ் யாருக்கும் கிடைக்கும். அச்சுக்குப் போவதற்கு முன் ஓவியர் கெட்டி அட்டையில் கையால் வரைந்தாரே, அந்த அசல்தான் அவருக்கு வேண்டும். அசல் என்பது அச்சில் வந்ததைவிட இரண்டு மடங்கு பெரிதாக இருக்கும். பக்கத்தில் போய்ப் பார்த்தால், அச்சுக்காகப் படம் பிடிக்கிற கேமராவின் கண்ணுக்குப் படாத வெளிர்நீலப் பென்சிலில் முதலில் போட்ட கோடுகள் தெரியும். சரியாக வராத மூக்கின் மேல் வெள்ளை பூசி வேறு மூக்கு வைத்திருப்பது தெரியும். ஓரத்தில் 'மூன்று அங்குலத்துக்குச் சுருக்கவும்' என்று யாரோ அவசரமாகக் கிறுக்கியது, பின்பக்கம் டம்ளர் வைத்த வட்டக் கறை, எல்லாம் தெரியும். வாய்க்குள் விட்டுப் பல்லின் முதுகைப் பார்க்கிற சின்னக் கண்ணாடியை வைத்தே அவர் சட்டங்களின் இடுக்கையும் பார்ப்பார். வருகிறவர்களிடம், அச்சில் வந்தது பல்செட், இதுதான் சொந்தப் பல் என்பார். அவருக்குத் தெரிந்த நகைச்சுவை அது ஒன்றுதான். முதல் தடவை கேட்டவர்கள் சிரித்தார்கள்.

அவரிடம் இருந்தவற்றில் பெரும்பாலானவை ஒரே வார இதழைச் சேர்ந்தவை. அந்த இதழில் ஒரு வழக்கம். ஓவியர் படத்தை மட்டும் வரைவார். என்ன வசனம் என்று யோசிப்பது ஆசிரியரின் வேலை. ஆசிரியர் யோசித்ததைச் சின்னச் சீட்டில் அச்சடித்து, மாவுப் பசை தடவிப் படத்துக்கு அடியில் ஒட்டுவார்கள். பேசுகிறவர் யார் என்று வாசகருக்குக் குழப்பம் வரக்கூடாது என்பதற்காகப் படத்தில் ஒரே ஒருவருடைய வாய்தான் திறந்திருக்க வேண்டும் என்பது ஓவியர்களுக்கு இட்ட கட்டளை. இதழ் நின்றுபோன பிறகு படங்கள் கட்டுக்கட்டாக ஒரு கிடங்கில் கிடந்தன. பூச்சிகளுக்குப் படம் பிடிக்கவில்லை, பசை பிடித்திருந்தது. பசை போனதும் சீட்டுகள் உதிர்ந்தன. உதிர்ந்ததைப் பெருக்கிக் கொட்டிவிட்டார்கள். கட்டைப் பிரித்தபோது படத்துக்குப் படம் யாரோ யாரிடமோ வாயைத் திறந்து ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார்கள், என்ன சொன்னார்கள் என்று சொல்ல ஆளில்லை. சேகரிப்பாளர்கள் மன்றத்தில் இவற்றுக்கு ஊமை என்று பெயர். ஊமையை யாரும் சீந்துவதில்லை. ஊமைக்குத் தன் இஷ்டத்துக்கு வசனம் எழுதி ஒட்டுவது மன்றத்தில் மன்னிக்க முடியாத குற்றம். அப்படிச் செய்த ஒருவரோடு மன்றத் தலைவரான கடிகாரக் கடைக்காரர் இன்றுவரை பேசுவதில்லை.

டாக்டர் மட்டும் ஊமைகளைத் தேடித் தேடி வாங்கினார். அத்தனை சீட்டும் அழிந்திருக்காது, என்றைக்காவது ஏதாவது ஒரு பெட்டியிலிருந்து கிளம்பி வரும் என்று அவர் நம்பினார். வரும்போது ஒட்டுவதற்குத் தயாராக இருக்கட்டும் என்று, ஒவ்வொரு படத்திலும் பழைய பசைத் தடம் இருந்த இடத்தில் புதிதாக ஒரு பூச்சுப் பூசி வைத்தார். மாவுப் பசை பூசவில்லை, அதற்குத்தான் பூச்சி வருகிறதே. பல்செட்டை ஈறோடு பிடித்து வைக்கிற பசையைப் பூசினார். பல் டாக்டராகவும் சேகரிப்பாளராகவும் ஒரே ஆள் இருந்தால்தான் இப்படி ஒரு காரியம் தோன்றும். அந்தப் பசை காயவே இல்லை. கோடையிலும் விரல் வைத்தால் ஒட்டியது. நல்ல கம்பெனிச் சரக்கு என்று டாக்டர் நினைத்துக்கொண்டார்.

இனி மனைவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். வீட்டின் முன்பகுதிதான் மருத்துவமனை. உள்ளே டாக்டர் பல் பிடுங்குவார், வெளியே வரிசையில் இருப்பவர்களை அவள் பார்த்துக்கொள்வாள். பார்த்துக்கொள்வாள் என்றால் பேசுவாள். கன்னம் வீங்கி, வாயைக் கையால் பொத்திக்கொண்டு வந்தவர்கள் அவள் பேச்சில் பொத்திய கையோடு சிரித்துவிடுவார்கள். பெரிய நகைச்சுவை ஒன்றும் சொல்லமாட்டாள். வீட்டில் எல்லோரும் சொல்வதைத்தான் சொல்வாள், ஆனால் சொல்லக் கூடாத நேரத்தில் சொல்வாள். அவளிடம் அரைமணி நேரம் பேசிவிட்டு உள்ளே வருகிறவர்களுக்குப் பல் சுலபமாகக் கழன்று வருகிறது என்று டாக்டரே கண்டிருக்கிறார். டாக்டர் பேசமாட்டார். நாளெல்லாம் எதிரே இருக்கிறவர்கள் வாயைத் திறந்துவைத்துக்கொண்டு பதில் சொல்ல முடியாமல் இருந்தால், பேசுகிற பழக்கம் யாருக்கும் விட்டுப்போகும்.

அடுத்த வாரம் மறுபடியும் மேகம் கூடியது. அவள் மாடியைப் பார்த்து வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. தொண்டையைச் செருமிப் பார்த்தாள், தண்ணீர் குடித்துப் பார்த்தாள். அந்த வாக்கியம் மட்டும் வரவில்லை. எழுதிக் காட்டலாம் என்றால் பேனா முதல் எழுத்திலேயே நின்றது. கடைசியில், வானம் கருத்துருச்சு, கொடியப் பாருங்க என்றாள். அது வந்தது. படம் எடுத்துக்கொண்ட வாக்கியம் படத்துக்குத்தான், சொன்னவருக்குத் திரும்பக் கிடைக்காது என்பது இப்படித்தான் தெரிந்தது. ஒரு வாக்கியம் போனால் என்ன, வேறு வாக்கியமா இல்லை என்று அன்று இருவரும் சிரித்தார்கள்.

பிறகு ஒவ்வொன்றாகப் போயிற்று. சாவு வீடு, சுற்றிலும் உறவினர்கள் அழுகிறார்கள், பெட்டிக்குள் படுத்திருப்பவர் மெல்லத் தலையைத் தூக்கி வாயைத் திறந்திருக்கிறார். அவர் காலடியில், "யாராவது கேட்டா நான் வீட்ல இல்லன்னு சொல்லிடுங்க." தான் கட்டிய கப்பலோடு பாட்டிலுக்குள்ளேயே மாட்டிக்கொண்ட ஒருவனை அவன் மனைவி வெளியிலிருந்து எட்டிப் பார்க்கும் படத்துக்கு, "எனக்கு அப்பவே தெரியும்." ஒரு மனைவியிடமிருந்து அந்த வாக்கியத்தைப் பிடுங்கிக்கொள்வது எவ்வளவு பெரிய நஷ்டம் என்று கல்யாணமானவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வீட்டுக்கு வெளியே பேசினால் தப்பிக்கலாம் என்றும் இல்லை. பஸ்ஸில் கண்டக்டரிடம், அடுத்த ஸ்டாப்பில் இறங்கணும் என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து பார்த்தால், வெடித்த பலூனிலிருந்து ஜோடியாக விழுந்துகொண்டிருப்பவர்களின் படத்துக்கு அடியில் அது இருந்தது. அதற்குப் பிறகு அவள் பஸ்ஸில் தனியாகப் போனால் இரண்டு ஸ்டாப் தள்ளி இறங்கி நடந்து வந்தாள்.

டாக்டருடையதும் ஒன்று போயிற்று. சிங்கம் ஒன்று வாயை முழுசாகத் திறந்துவைத்துக்கொண்டு, எதிரே தலையைக் குனிந்து நிற்கும் சர்க்கஸ்காரனிடம், "கொஞ்சம்கூட வலிக்காது" என்றது. மறுநாளிலிருந்து டாக்டரால் நோயாளிகளிடம் அதைச் சொல்ல முடியவில்லை. வலிக்கும், பொறுத்துக்குங்க என்றுதான் சொல்ல வந்தது. பாதிப் பேர் நாற்காலியிலிருந்து எழுந்து போனார்கள். எழுந்து போனவர்களை வெளியே மனைவி பேசிச் சிரிக்கவைத்துத் திருப்பி அனுப்பினாள். அப்படி ஓடிக்கொண்டிருந்தது தொழில்.

மன்றத்துக்காரர்கள் கூட்டமாக வந்தார்கள். கடிகாரக் கடைக்காரர் கண்ணில் லென்ஸை இடுக்கிக்கொண்டு ஒவ்வொரு சீட்டாகப் பார்த்தார். எழுத்து அந்த இதழின் எழுத்து, மை அந்தக் காலத்து மை, பழுப்பும் உண்மையான பழுப்பு. யாரும் எழுதி ஒட்டியதில்லை என்று தீர்ப்புச் சொன்னார். போலி இல்லை என்று தெரிந்த பிறகு அவர்களுக்கு வேறு கேள்வி இருக்கவில்லை. படத்துக்குப் படம் நின்று, படித்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். டாக்டரின் மனைவி பக்கத்தில் நின்று, இது நான் பால் பொங்கும்போது சொன்னது, இது உங்களையெல்லாம் பார்த்துச் சொன்னது என்று காட்டினாள். அவளுக்கும் அப்போது பெருமையாகத்தான் இருந்தது. அந்த ஆசிரியரைவிட இந்த அம்மா தேவலை என்று கடிகாரக் கடைக்காரர் சொன்னார். மன்றத்தில் அதைவிடப் பெரிய பட்டம் கிடையாது.

டாக்டர் மேலும் மேலும் ஊமைகளை வாங்கினார். இங்கேதான் அவரைக் குறை சொல்ல வேண்டும். ஒரு படத்துக்கு ஒரு வாக்கியம் என்று அவருக்குத் தெரியும். தெரிந்தும் வாங்கினார், தெரிந்தும் பசை தடவினார். காலையில் எழுந்ததும் பல் தேய்க்காமல் கூடத்துக்குப் போய் எது நிறைந்திருக்கிறது என்று பார்ப்பது அவருக்கு வழக்கமாயிற்று. கூடம் நிறைந்து நடை நிறைந்தது, நடை நிறைந்து படிக்கட்டுச் சுவர் நிறைந்தது. மனிதர்களிடம் வாக்கியத்துக்குப் பஞ்சமே இல்லை என்று நினைத்துக்கொள்கிறோம். ஒரு வீட்டில் அன்றாடம் புழங்குகிற வாக்கியங்களை எண்ணிப் பார்த்தால் நாலு சுவருக்குத்தான் காணும்.

ஒருநாள் வெறும் "என்னங்க" போயிற்று. ரயில் நிலையம், ஒரே மாதிரித் தொப்பி, ஒரே மாதிரி மீசை, ஒரே மாதிரிப் பெட்டியோடு நூறு ஆண்கள், ஓரத்தில் ஒரு பெண் வாயைத் திறந்திருக்கிறாள், நூறு தலையும் அவள் பக்கம் திரும்பியிருக்கின்றன. மன்றம் முழுவதும் அந்த ஒரு படத்தைப் பார்க்க மறுபடி வந்தது. அன்றைக்குப் பிறகு டாக்டரைக் கூப்பிட அவளுக்கு வழி இல்லை. வேலையை விட்டுவிட்டு அவர் இருக்கும் இடத்துக்கு வந்து, அவர் நிமிர்ந்து பார்க்கும்வரை நிற்பாள். அவர் படம் துடைத்துக்கொண்டிருந்தால் நிமிர நேரமாகும்.

அவர்களுக்கு ஒரே மகள், வேறு ஊரில் கட்டடங்களுக்கு வரைபடம் போடும் வேலையில் இருந்தாள். தினமும் மாலையில் போன் செய்வாள். அம்மா போனை எடுத்ததும் கேட்கிற முதல் கேள்வி எந்த வீட்டு அம்மாவும் கேட்கிற கேள்விதான். ஒருநாள் அதைக் கேட்டுவிட்டுத் திரும்பியபோது நடையிலிருந்த படத்தில் அது இருந்தது. கொலைமேடை, கோடாலியைத் தோளில் சாய்த்த தலைவெட்டுகிறவன், மண்டியிட்டிருக்கும் கைதியின் காதருகே குனிந்து கேட்கிறான்: "சாப்பிட்டியா?" டாக்டர் அதைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தார். மனைவியின் முகத்தைப் பார்த்தபோது சிரிப்பு நிற்கவில்லை, அதுதான் கொடுமை. நிறுத்தப் பார்த்தார், முடியவில்லை. அவ்வளவு பொருத்தமாக இருந்தது.

மறுநாள் மாலை மகள் போன் செய்தாள். அம்மா கொஞ்ச நேரம் மூச்சு மட்டும் விட்டுவிட்டு, உணவு வேளை முடிந்ததா என்றாள். ரேடியோ செய்தியா வாசிக்கிற என்று மகள் சிரித்தாள். அதற்கடுத்த நாள், வயிற்றுக்கு ஏதாவது போட்டாயா என்றாள். வேறொரு நாள் நேரடியாக, பசிக்கிறதா என்றாள். அர்த்தம் எல்லாவற்றிலும் இருந்தது, அம்மா இல்லை. ஒரு மாதம் கழித்து மகள், உனக்கு என்மேல என்ன கோபம் என்று கேட்டாள். கோபமெல்லாம் இல்லை என்று அம்மா சொல்லப் போனாள். அந்த வாக்கியம் எரிமலைப் படத்துக்கு அடியில் போய் மூன்று வாரமாகியிருந்தது. மகள் சிறிது காத்திருந்துவிட்டுப் போனை வைத்தாள். அதன்பின் வாரம் ஒருமுறை பேசினாள், பிறகு அதுவும் குறைந்தது.

மகள் கோபமா என்று கேட்ட அன்றே மனைவி டாக்டரிடம் வந்து நின்றாள். இனிமேல் வாங்காதீங்க என்றாள். டாக்டர் சரி என்றார், அவள் கையைப் பிடித்துக்கொண்டு சத்தியமும் செய்தார். போனதை மீட்கவும் தன்னால் ஆனதைச் செய்தார். வெந்நீர் ஒற்றிச் சீட்டைப் பெயர்த்து அவள் உள்ளங்கையில் வைத்தார்; அவள் பார்த்து வாசிக்க முயன்றாள், உதடு அசைந்தது, சத்தம் இல்லை. மறுநாள் சீட்டு பழையபடி படத்தில் இருந்தது. படங்களைச் சுவர் பக்கம் திருப்பி மாட்டினார். பலன் இல்லை. படிக்கட்டில் மழைநீர் கசிந்து ஒரு படம் ஊறிக் கூழாகிப் போனபோது, அந்த ஒரு வாக்கியமாவது திரும்பி வரும் என்று இருவரும் காத்திருந்தார்கள். வரவில்லை. அதற்குப் பிறகு அந்த வாக்கியத்தை வேறு யாராவது சொன்னால்கூட அவளுக்குப் புரியாமல் போயிற்று. சொன்னவர் முகத்தையே வெறித்துப் பார்ப்பாள். அந்த வாக்கியம் எது என்று இங்கே எழுதலாம், ஆனால் அவளுக்குத் தெரியாததை நாம் தெரிந்துகொண்டு என்ன செய்யப் போகிறோம். ஆக, படங்களை எரிக்கவும் வழியில்லை என்று ஆயிற்று. விற்கவும் மனம் வரவில்லை; மனைவியின் பேச்சைக் கொண்டுபோய் எவனோ தன் வீட்டுக் கூடத்தில் மாட்டிக்கொண்டு சிரிப்பதை டாக்டரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. தூசி தட்டிப் பாதுகாப்பதைத் தவிர அவருக்குச் செய்ய ஒன்றும் இருக்கவில்லை.

எல்லா ஊமைகளும் நிறைந்துவிட்டன. இனி எதுவும் போகாது என்று ஆறு மாதம் நிம்மதியாக இருந்தார்கள். அப்போது மூக்கரின் படம் ஒன்று விலைக்கு வந்தது. மூக்கர் என்பது அந்த இதழின் ஓவியர்களிலேயே தலைசிறந்தவருக்கு வாசகர்கள் வைத்த பெயர். எல்லோருக்கும் மூக்கைப் பெரிதாகப் போடுவார். அவருடைய அசல் கைக்குக் கிடைப்பதே அபூர்வம். இதில் ஒரு வயதான கணவனும் மனைவியும் சாப்பாட்டு மேசையில் எதிரெதிரே உட்கார்ந்திருக்கிறார்கள், அவ்வளவுதான். இருவருடைய வாயும் மூடியிருக்கிறது. ஆசிரியரின் கட்டளையை மீறி மூக்கர் ஏன் இப்படி வரைந்தார், இதில் யார் பேசியிருக்க வேண்டும் என்று மன்றம் இரண்டு கூட்டங்கள் போட்டும் முடிவுக்கு வரவில்லை. டாக்டர் மூன்று நாள் தூங்காமல் கிடந்தார். நாலாவது நாள் வாங்கிவிட்டார். துணியில் சுற்றி உள்ளே கொண்டுவந்தபோது மனைவி வாசலிலேயே நின்றிருந்தாள். பசை தடவவே இல்லை என்று அவர் இன்றும் சொல்கிறார். தொட்டால் ஒட்டியது.

அவள் திட்டவில்லை. திட்டுவதற்கு வேண்டிய வாக்கியங்கள் முக்காலும் படிக்கட்டுச் சுவரில் இருந்தன. படத்தைச் சாப்பாட்டு மேசைக்கு மேலே அவளேதான் மாட்டினாள். கண்ணெதிரே இருக்கட்டும் என்று நினைத்திருப்பாள் போலிருக்கிறது. இனி ஒரே ஒரு வாக்கியம்தான் போகும், ஆனால் எது போகும் என்று தெரியாது. பயம் வருவதற்கு அது போதுமாயிருந்தது. மகள் எப்போதாவது போன் செய்யும்போது சொல்வதற்கு அவளிடம் மிச்சம் இருந்தது "சொல்லுடா கண்ணு" ஒன்றுதான். அது போய்விட்டால் என்ன செய்வது என்று, போனை எடுத்து உம் என்று மட்டும் சொல்லப் பழகினாள். மருத்துவமனையில், அடுத்தவர் வரலாம், உட்காருங்கள், எழுந்திருங்கள், எந்தப் பல் என்று, எந்தப் படத்துக்கும் பொருந்தாத, யாரும் சிரிக்க முடியாத வாக்கியங்களாகப் பார்த்துப் பேசினாள். பல் வலியோடு வந்தவர்கள் பல் வலியோடு உட்கார்ந்திருந்தார்கள். டாக்டரும் வாயைத் திறக்கவில்லை. வருஷங்கள் போயின. தெருவில் தார் போட்டார்கள், தோண்டினார்கள், மறுபடி தார் போட்டார்கள். மன்றத்தில் இருவர் இறந்தார்கள். மூக்கரின் படம் எதையும் எடுத்துக்கொள்ளவில்லை. மற்ற படங்களெல்லாம் அள்ளிப் போட்டுக்கொண்டவை. இது நல்லதுக்காகக் காத்திருக்கிறது என்று இருவரும் தனித்தனியே நினைத்துக்கொண்டார்கள்.

மகள் ஒருமுறை சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்கினாள். அம்மா என்னுடன் ஏன் பேசமாட்டேன் என்கிறாள் என்று அப்பாவிடம் கேட்டாள். அம்மாதான் மகளின் கையைப் பிடித்து நடைக்குக் கூட்டிப்போய்க் கொலைமேடைப் படத்தின் முன் நிறுத்தினாள். மகள் படித்தாள், பக்கென்று சிரித்தாள். அம்மா சிரிக்காமல் நிற்பதைப் பார்த்தாள், அந்தக் கண்களைப் பார்த்தாள். பிறகு நடை முழுவதும் போய், படிக்கட்டு முழுவதும் ஏறி, ஒவ்வொரு படமாகப் படித்தாள். தனக்கு வர வேண்டிய பேச்சு எவ்வளவு அங்கே மாட்டிக்கிடக்கிறது என்று தெரிந்தபோது கடைசிப் படியில் உட்கார்ந்து அழுதாள்.

இறங்கி வந்தவள் மூக்கரின் படத்தைக் கழற்றி அப்பாவின் கையில் கொடுத்தாள். "இதுல இன்னும் ஒண்ணும் இல்லைல்ல? இப்பவே கொளுத்துங்கப்பா" என்றாள். கொளுத்தினால் யாருக்கும் எதுவும் நஷ்டமில்லை. பயம் தீரும், பாக்கி இருப்பதாவது தங்கும். டாக்டருக்கு அது புரிந்தது. பின்கட்டுக்குப் போனார், படத்தைத் துவைக்கும் கல்லின் மேல் வைத்தார், தீக்குச்சியைக் கிழித்தார். குச்சி விரல்வரை எரிந்தது. இன்னொன்று கிழித்தார். வெயிலில் வெளிர்நீலக் கோடுகள் தெளிவாகத் தெரிந்தன. அந்த மனைவியின் கையை மூக்கர் முதலில் கணவனின் தட்டை நோக்கி நீட்டி வரைந்திருக்கிறார், பிறகு மனம் மாறி மடிக்கு இழுத்துவிட்டிருக்கிறார். அதைப் பார்த்துக்கொண்டே டாக்டர் நின்றார். மூன்றாவது குச்சியும் அணைந்தது. தன்மேல் அவருக்கு அவ்வளவு வெறுப்பாக இருந்தது, ஆனாலும் கை வரவில்லை. மனைவி வந்து படத்தை எடுத்து, புடவைத் தலைப்பால் துடைத்தாள்.

"விடுடா. அவரால முடியாது" என்று மகளிடம் சொன்னாள்.

படத்தைத் திரும்ப மேசைக்கு மேல் மாட்டினாள். அந்த வாக்கியத்தை எந்தப் படமும் எடுத்துக்கொள்ளவில்லை. டாக்டர் அதை அன்றாடம் காதில் கேட்டுக்கொண்டிருந்தார்.

மகள் மறுநாள் ஊருக்குப் போனாள். போனில் தானே பேசிக்கொள்ளப் பழகினாள். நான் சாப்பிட்டேன், தூங்கினேன், சளி இல்லை என்று கேட்காத கேள்விகளுக்கெல்லாம் வரிசையாகப் பதில் சொல்லிவிட்டு வைப்பாள். அம்மா உம் கொட்டுவாள்.

டாக்டரிடம் மனைவிக்குச் சொல்வதற்கு ஒரு வாக்கியம் இருந்தது. சத்தியத்தை மீறிய நாளிலிருந்து அதைச் சொல்ல நினைத்துக்கொண்டிருந்தார். சாப்பிட உட்காரும்போதெல்லாம் நாக்கு நுனிவரை வரும், நிமிர்ந்து படத்தைப் பார்ப்பார், விழுங்கிவிடுவார். சொன்னால் படம் எடுத்துக்கொள்ளும். எடுத்துக்கொண்டால் வாழ்நாளில் ஒரே தடவைதான் சொன்னதாக ஆகும், பிறகு மன்றத்துக்காரர்கள் வந்து அதைப் படித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். ஒரே தடவைதான் என்றால் சரியான நேரம் பார்த்துச் சொல்ல வேண்டாமா? சரியான நேரம் வருவதற்குள் அவருக்குக் கை நடுங்க ஆரம்பித்தது, தொழிலை நிறுத்தினார், முன்பகுதியில் நாற்காலிகளைத் துணி போட்டு மூடினார்கள். பல் டாக்டருக்கே பல் ஒவ்வொன்றாகப் போய், அந்தப் பசையை இப்போது அவர் சொந்தச் செலவுக்கு வாங்கினார்.

ஒரு மத்தியானம் இருவரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மனைவிக்கு இருமல் வந்தது. சாதாரண இருமல்தான், தண்ணீர் குடித்ததும் நின்றுவிட்டது. ஆனால் அது நிற்பதற்குள் டாக்டர் பயந்துவிட்டார். டம்ளரை அவள் கீழே வைத்ததும், படத்தைப் பார்க்காமல், தட்டைப் பார்த்துக்கொண்டு சொல்லிவிட்டார்.

"நீ வெளிய உக்காந்து பேசறது காதுல விழணும்னுதான், நான் பல் பிடுங்கற ரூம் கதவ ஒருநாளும் மூடினதில்ல."

உள்ளே இருந்தவர்கள் கதவைச் சாத்தச் சொல்லிக் கெஞ்சியிருக்கிறார்கள். தாங்கள் போடும் கூச்சல் வெளியே கேட்கிறது, மானம் போகிறது என்று சண்டை பிடித்திருக்கிறார்கள். டாக்டர் கேட்டதில்லை. காற்று வர வேண்டும் என்று சொல்லிவிடுவார். கதவு ஏன் திறந்தே கிடக்கிறது என்று மனைவியும் ஒருநாளும் கேட்டதில்லை. இப்போது இருவரும் ஒரே சமயத்தில் நிமிர்ந்து சுவரைப் பார்த்தார்கள். படத்துக்கு அடியில் பசை ஈரமாக மினுங்கிக்கொண்டிருந்தது. காத்திருந்தார்கள். தட்டில் கை காய்ந்தது. வாசலில் பழைய பேப்பர்காரர் குரல் கொடுத்துக்கொண்டே தெருக்கோடிவரை போய்த் திரும்பி வந்தார். சீட்டு வரவில்லை. படம் அந்த வாக்கியத்தை விரும்பவில்லை. சிரிக்க அதில் ஒன்றும் இல்லை, அதற்கு அது வேண்டியிருக்கவில்லை. சத்தியம் மீறிய அன்றே சொல்லியிருக்கலாம், மறுநாளும் சொல்லியிருக்கலாம், ஒரு நாளைக்கு மூன்று வேளையும் சொல்லியிருக்கலாம். இத்தனை வருஷமும் அதற்குத் தடை ஒன்றும் இருந்திருக்கவில்லை. டாக்டருக்கு அழுகை வந்தது.

மனைவி படத்தைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். முன்பகுதியில் கன்னம் வீங்கியவர்களுக்கு நடுவே உட்கார்ந்து பேசுவாளே, அந்தப் பழைய குரலில், யோசிக்காமல் கேட்டாள்.

"இதைச் சொல்லவா இத்தனை வருஷம்?"

கேட்ட உடனே கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மேலே சீட்டு ஒட்டியிருந்தது. வயதான கணவன், வயதான மனைவி, நடுவில் மேசை, அடியில் பழுப்புக் காகிதத்தில் அந்தக் கேள்வி. மூக்கரின் படத்தில் பேச வேண்டியது யார் என்று மன்றம் தீர்க்காமல் விட்ட விவகாரம் தீர்ந்தது. டாக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு படித்தார், இன்னொரு முறை படித்தார், பல்செட் கழன்று வரும் அளவுக்குச் சிரித்தார். பொத்திய கைக்குப் பின்னால் அவளும் சிரித்தாள். பிறகு அவர் ஸ்டூலைப் போட்டு ஏறிப் பசையைத் தொட்டுப் பார்த்தார். காய்ந்திருந்தது.

அந்தக் கேள்வியை அவளால் இனிக் கேட்க முடியாது. அவர் சொன்னது மட்டும் அவரிடமே இருந்ததால், மறுநாள் சாப்பிட உட்கார்ந்தபோது மறுபடியும் சொன்னார். அவள் கரண்டியைத் தூக்கிப் படத்தைக் காட்டினாள், அவர் நிமிர்ந்து படித்தார். அதிலிருந்து அந்த வீட்டில் தினமும் மத்தியானம் அவர் சொல்வதும் அவள் காட்டுவதும் வழக்கமாயிற்று. அதற்குள் ஆறிப்போகிறது என்று சாப்பாட்டை மட்டும் கொஞ்சம் தாமதமாகச் சூடு பண்ண ஆரம்பித்தாள்.